உருக்குவதற்கு முன் ஒருமுறை வாசியுங்கள்

எங்கள் உம்மும்மாவின் அலுமாரியில், கல்யாணச் சேலைக்கும் காணி உறுதிகளுக்கும் இடையே ஒரு தகர டின் இருக்கும். அதற்குள் ஒன்பது வெள்ளிக் காசுகள். எல்லாமே இங்கிலாந்துக் காசுகள். உம்மும்மாவின் வாப்பா கொழும்புத் துறைமுகத்தில் கப்பல் பயணிகளுக்குச் சந்திரகாந்தக் கல் விற்றவர். கையில் ரூபாய் இல்லாத பயணிகள் தங்கள் நாட்டுக் காசையே கொடுத்துவிட்டுப் போவார்களாம். பெரும்பாலானவற்றை அவர் மாற்றிச் செலவழித்துவிடுவார். மனதுக்குப் பிடித்த சிலவற்றை மட்டும் மகளுக்கென்று எடுத்து வைத்தார்.

2022ஆம் ஆண்டு அந்த டின் திறக்கப்பட்டது. எரிவாயுவுக்கு ஒரு வரிசை, பெற்றோலுக்கு ஒரு வரிசை என்று நாடே தெருவில் நின்ற காலம் அது. உம்மும்மாவின் மருந்து ஒரு கடையில் இருந்தால் மறுகடையில் இல்லை. இருந்த கடையிலும் விலை எட்டாத உயரத்தில் இருந்தது. உம்மா ஐந்து பெரிய காசுகளைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு ஒரு நகைக்கடைக்குப் போனார். நானும் கூடவே போனேன். கடைக்காரர் காசுகளின் ஆண்டைப் பார்க்கவில்லை. ஐந்தையும் ஒன்றாகத் தராசில் போட்டார். "பழைய இங்கிலீஷ் காசு எல்லாம் பாதிதான் வெள்ளி" என்றார். பாதி எடைக்குக் கணக்குப் போட்டுப் பணத்தைக் கொடுத்தார்.

மருந்து வாங்கினோம். அல்ஹம்துலில்லாஹ், உம்மும்மா இன்றும் எங்களோடு இருக்கிறார். ஆகவே அந்தக் காசுகளை விற்றது பிழை என்று நான் சொல்ல வரவில்லை. வாசிக்காமல் விற்றதுதான் பிழை. இந்தக் கட்டுரையில் நான் சொல்ல விரும்புவது அந்த ஒன்றைத்தான்.

நாலாம் ஆண்டில் படிக்கும்போது எனக்கொரு விளையாட்டு இருந்தது. காசின் மேல் கொப்பித் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தால் படம் அப்படியே தாளில் எழும்பும். அந்தக் கொப்பி சென்ற வருடம் வீட்டைத் துப்புரவு செய்தபோது கிடைத்தது. விற்றுப்போன ஐந்து காசுகளும் அதில் இருந்தன. ஐந்தும் 'ஹாஃப் கிரவுன்', அதாவது இரண்டரை ஷில்லிங் காசுகள். ஆண்டுகள் 1899, 1911, 1916, 1921, 1935. அந்த ஆண்டுகளின் பொருள் என்னவென்று தேடப் போனவள்தான் நான். தேடலில் ஒரு நாட்டின் சரித்திரமே கைக்குள் வந்து விழுந்தது.

பிரித்தானிய வெள்ளிக் காசை அறிய விரும்புவோர் முதலில் மனதில் வைக்க வேண்டிய ஆண்டுகள் இரண்டு: 1920, 1947. 1920க்கு முன்னர் அடிக்கப்பட்ட காசுகளில் நூற்றுக்கு 92.5 பங்கு வெள்ளி. 'ஸ்டேர்லிங்' வெள்ளி என்பது இதைத்தான். முதலாம் உலகப் போருக்குப் பின் வெள்ளியின் விலை ஏறி, காசின் முகப்பெறுமதியைக் காட்டிலும் காசுக்குள் இருக்கும் வெள்ளி கூடுதல் விலை போகும் நிலை வந்தது. எனவே 1920இல் வெள்ளியை 50 பங்காகக் குறைத்தார்கள். இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவிடமிருந்து பெற்ற வெள்ளியைத் திருப்பிக் கொடுக்க வேண்டியிருந்தது. எனவே 1947இல் புழக்கக் காசிலிருந்து வெள்ளியை முற்றாக நீக்கி, செம்பும் நிக்கலும் கலந்த காசை வெளியிட்டார்கள். மூன்று வகையும் பார்வைக்கு ஏறக்குறைய ஒன்றுதான். வேறுபாட்டைச் சொல்வது ஆண்டு மட்டுமே.

இப்போது எங்கள் ஐந்து காசுகளுக்கு வருவோம். ஒரு ஹாஃப் கிரவுனின் எடை 14.14 கிராம். 1920க்கு முந்தியதில் 13 கிராமுக்குச் சற்றுக் கூடுதலாக வெள்ளி இருக்கும். பிந்தியதில் 7 கிராமளவே இருக்கும். எங்களிடம் மூன்று முந்தியவை, இரண்டு பிந்தியவை. மொத்தம் சுமார் 53 கிராம் வெள்ளி. எங்களுக்குக் கிடைத்ததோ சுமார் 35 கிராமுக்கான பணம். எங்கள் அறியாமையின் எடை 18 கிராம்! கடைக்காரர் வேண்டுமென்றே செய்தாரா, அவருக்கும் தெரியாதா என்பதை அல்லாஹ்தான் அறிவான். ஆனால் உம்மாவுக்கோ எனக்கோ அந்த இரண்டு ஆண்டுகள் தெரிந்திருந்தால், "ஐந்தையும் பிரித்து நிறுங்கள்" என்று ஒரு சொல் சொல்லியிருப்போம்.

தமிழில் 'நாணயம்' என்றால் காசு. அதே சொல்லுக்கு நேர்மை என்றும் பொருள். "அவர் நாணயமான மனிதர்" என்கிறோம். இந்த இரட்டைப் பொருளுக்கு உதாரணம் கேட்டால் இங்கிலாந்தின் வெள்ளிக் காசையே நான் காட்டுவேன். அங்கே அரசர் நாணயமாக நடந்த காலத்தில் நாணயம் வெண்மையாக இருந்தது. அவர் நாணயம் தவறிய காலத்தில் அது சிவந்துபோனது.

சிவந்துபோனது என்பது வெறும் உவமை அல்ல. எட்டாம் ஹென்றி மன்னர் ஆடம்பரத்துக்கும் போருக்கும் பணம் போதாமல், 1544 முதல் வெள்ளிக் காசில் செம்பை மேலும் மேலும் கலந்தார். ஒரு கட்டத்தில் காசில் மூன்றில் ஒரு பங்குதான் வெள்ளி. மேற்பூச்சாக இருந்த வெள்ளி முதலில் தேய்ந்தது மேடாக இருந்த இடத்தில், அதாவது நேர்முகமாகப் பார்க்கும் மன்னரின் மூக்கில். உள்ளிருந்த செம்பு வெளியே தெரிந்தது. மக்கள் மன்னருக்குச் 'செப்பு மூக்கர்' என்று பட்டம் சூட்டிவிட்டார்கள். மன்னரின் பொய்யை அவருடைய சொந்த மூக்கே காட்டிக்கொடுத்தது! அந்தக் கெட்ட காசுகளைத் திரும்பப் பெற்று நல்ல வெள்ளியில் மீண்டும் அடிப்பித்தவர் அவருடைய மகள் முதலாம் எலிசபெத். அது நடந்தது 1560, 1561ஆம் ஆண்டுகளில். உயர்தரப் பொருளியலில் "கெட்ட பணம் நல்ல பணத்தை வெளியேற்றும்" என்று நாம் மனனம் செய்கிறோமே, அந்த விதி எலிசபெத் அரசிக்கு நிதி ஆலோசனை சொன்ன தோமஸ் கிரஷாமின் பெயரால்தான் வழங்குகிறது. வகுப்பில் வறண்ட ஒரு வரியாக இருந்த விதி, அந்தச் செப்பு மூக்கைப் பற்றி வாசித்த பிறகு எனக்கு மறக்கவே இல்லை.

அரசர் மட்டுமல்ல, குடிமக்களும் நாணயம் தவறினார்கள். சம்மட்டியால் அடித்துச் செய்த அந்நாளைய காசுகளுக்குச் சீரான விளிம்பு கிடையாது. கத்தரிக்கோலால் ஓரத்தில் சிறிது நறுக்கிக்கொண்டு, மீதியை முழுக் காசாகவே கொடுத்துவிடுவார்கள். நறுக்கிய துணுக்குகளைச் சேர்த்து உருக்கினால் வெள்ளிக் கட்டி. 1690களில் புழங்கிய காசுகள் பல, இருக்க வேண்டிய எடையில் பாதியளவே இருந்தன. அளவையிலும் நிறுவையிலும் குறைப்போரைக் கண்டித்து அல்குர்ஆனில் தனியொரு சூராவே உண்டு என்பதை நாம் மத்ரஸாவில் படித்திருக்கிறோம். அந்தக் குற்றத்தைக் கண்ணால் காண வேண்டுமானால் ஓரம் நறுக்கப்பட்ட ஒரு பழைய ஷில்லிங்கைப் பார்த்தால் போதும்.

1696இல் அந்தக் காசுகளையெல்லாம் திரும்பப் பெற்று, இயந்திரத்தில் அடித்த புதுக் காசுகளைக் கொடுத்தார்கள். அதே ஆண்டில் நாணயச்சாலைக்குக் காப்பாளராக வந்தவர் வேறு யாருமல்லர், ஈர்ப்பு விதி தந்த ஐசக் நியூட்டன்தான். கள்ளக் காசு அடித்தோரை அவர் தாமே துப்புத் துலக்கிப் பிடித்தார். இன்று நம் கையிலிருக்கும் காசின் ஓரத்தில் விரலை ஓட்டினால் வரிவரியாக ஓடுகிறதே, அதற்கு வேர் இங்கேதான் இருக்கிறது. ஓரத்தில் வரி இருந்தால் நறுக்கியது உடனே தெரிந்துவிடும். பெரிய காசுகளின் ஓரத்தில் எழுத்தே பொறித்தார்கள். 'அணியும் அரணும்' என்பது அதன் பொருள்.

இந்தச் சரித்திரத்தில் என்னை உறங்கவிடாத ஒரு பகுதியும் உண்டு. கள்ளக் காசு அடிப்பது அங்கே இராசத் துரோகம். அந்தக் குற்றத்துக்கு ஆணைத் தூக்கிலிட்டார்கள். பெண்ணை எரித்தார்கள். 1789இல் கத்தரின் மர்ஃபி என்ற பெண்ணை முதலில் தூக்கிலிட்டு, பிறகு எரித்தார்கள். அதே வழக்கில் அவளுடைய கணவனுக்குத் தூக்கு மட்டுமே. இந்த வேறுபாட்டை 1790இல் சட்டம் ஒழித்தது. ஒரே குற்றம், ஒரே காசு, தண்டனை மட்டும் இரண்டு விதம். நாணயம் சேர்ப்பது ஆண்பிள்ளைகளின் விளையாட்டு என்று சொல்பவர்களிடம் நான் இந்தக் கதையைச் சொல்வதுண்டு. காசின் சரித்திரம் பெண்களைச் சும்மா விடவில்லை. பிறகு பெண்கள் மட்டும் அதை ஏன் வாசிக்காமல் விட வேண்டும்?

"நம்மை அடக்கியாண்டவர்களின் தலையை ஏன் பத்திரப்படுத்துகிறாய்?" என்று என் தோழி ஒருத்தி கேட்டாள். நியாயமான கேள்விதான். என் பதில் இது: தலையை வணங்குவதற்காக வைத்திருக்கவில்லை, எழுத்தை வாசிப்பதற்காக வைத்திருக்கிறேன். இரண்டாம் ஜோர்ஜ் மன்னரின் 1745, 1746ஆம் ஆண்டு வெள்ளிக் காசுகள் சிலவற்றில் மன்னரின் உருவத்துக்குக் கீழே 'லிமா' என்று பொறித்திருக்கும். லிமா என்பது தென்னமெரிக்காவில் ஸ்பானியர் ஆண்ட நகரம். எதிரிக் கப்பல்களிலிருந்து பறித்த வெள்ளி இது என்பதைப் பெருமையோடு அறிவித்த எழுத்து அது. அந்த வெள்ளியை முதலில் மண்ணிலிருந்து தோண்டியவர்களின் பெயரோ எந்தக் காசிலும் இல்லை.

விக்டோரியா அரசியின் 1893க்குப் பிந்திய காசுகளில் 'இந்தியாவின் பேரரசி' என்பதன் சுருக்கம் இலத்தீனில் இருக்கும். ஆறாம் ஜோர்ஜ் மன்னரின் காசுகளில் அந்தப் பட்டம் 1948 வரை தொடர்ந்தது. 1949ஆம் ஆண்டுக் காசில் அது இல்லை. இந்தியாவின் சுதந்திரத்தை இங்கிலாந்தின் காசே ஒப்புக்கொண்டுவிட்டது. ஆண்டவர்களின் வாக்குமூலம் அவர்களுடைய கையெழுத்திலேயே கிடைக்கும்போது அதை உருக்கி அழிப்பது யாருக்கு இலாபம்?

நம் நாட்டின் கதையும் அந்தக் காசுகளில் சிறிது கலந்திருக்கிறது. 1825 முதல் இலங்கையில் ஷில்லிங்கும் பென்சும் சட்டபூர்வமாகப் புழங்கின. அதற்கு முன் வழங்கிய ரிக்ஸ்டொலரை ஒன்றரை ஷில்லிங்குக்குச் சமமென்று வைத்தார்கள். இலங்கை போன்ற குடியேற்ற நாடுகளின் தேவைக்காகவே 1834 முதல் ஒன்றரைப் பென்ஸ் பெறுமதியான ஒரு சின்னஞ்சிறு வெள்ளிக் காசை இலண்டனில் அடித்தார்கள். ஏறக்குறைய சட்டைப் பொத்தானளவே ஆனது, இங்கிலாந்து மக்களே புழங்காதது. 1872இல் நாம் ரூபாய்க்கும் சதத்துக்கும் மாறினோம். ஆயினும் கல்யாண வீடுகளில் இன்றும் "எத்தனை பவுண்?" என்றுதானே கேட்கிறோம்? அந்தப் பவுண் இங்கிலாந்தின் தங்கக் காசின் எடைதான். ஷில்லிங் நம் வாயிலிருந்து போய்விட்டது, பவுண் போகவில்லை.

வெள்ளி எங்கெங்கெல்லாம் பயணம் செய்யும் என்பதற்கு இன்னொரு சான்று. 2007இல் இங்கிலாந்தின் யோர்க் பகுதியில், உலோகம் கண்டறியும் கருவியோடு வயலில் நடந்த ஒரு தந்தையும் மகனும் வைக்கிங்குகள் புதைத்த புதையலைக் கண்டார்கள். 617 வெள்ளிக் காசுகள். அவற்றுள் சமர்கந்திலிருந்து வந்த இஸ்லாமிய திர்ஹமும் இருந்தது! கலிமா பொறித்த திர்ஹம்கள் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே ஆங்கில மண்ணை அடைந்திருக்கின்றன. கண்டெடுத்தவர்கள் அதை ஒளிக்கவில்லை, உருக்கவில்லை. அங்குள்ள சட்டப்படி அறிவித்தார்கள். நூதனசாலைகள் பணம் கொடுத்து வாங்கின. அறிவித்தவர்களுக்கும் நட்டமில்லை, நாட்டுக்கும் நட்டமில்லை. உருக்கியிருந்தால் சமர்கந்திலிருந்து யோர்க் வரை நீண்ட அந்தப் பாதை ஒரு கட்டி வெள்ளிக்குள் மறைந்துபோயிருக்கும்.

"வெள்ளியைச் சேர்த்து வைப்பது மார்க்கத்தில் கண்டிக்கப்பட்டதல்லவா?" என்று பெரியவர்கள் சிலர் கேட்கக் கூடும். கண்டிக்கப்பட்டது, கடமையைக் கொடுக்காமல் பூட்டி வைப்பது. வெள்ளிக்கு ஸக்காத்தின் அளவு 200 திர்ஹம், ஏறக்குறைய 595 கிராம் என்று படித்திருக்கிறோம். 1920க்கு முந்திய ஹாஃப் கிரவுன்கள் 46 இருந்தால் அந்த அளவை எட்டும் என்று கணக்கிட்டுப் பார்த்தேன். எங்கள் டின்னில் எஞ்சியிருப்பவை நான்கு சிறு காசுகள்! என்றாலும் வீட்டிலுள்ள மற்றச் செல்வத்தோடு எப்படிச் சேர்த்துக் கணக்கிடுவது என்பதை ஆலிம்களிடம் கேட்டுக்கொள்வதே முறை. உண்மையில், எடையும் ஆண்டும் அறிந்து சேர்ப்பவருக்குத்தான் ஸக்காத்தின் கணக்கும் சரியாக வரும். என்ன இருக்கிறதென்றே தெரியாமல் டின்னில் பூட்டி வைப்பவருக்கு எந்தக் கணக்கும் வராது.

இது பணக்காரரின் பொழுதுபோக்கு என்பதையும் நான் ஏற்கமாட்டேன். அரிய காசுகளுக்கு ஏலத்தில் பெருந்தொகை கொடுப்போர் உண்டு, உண்மை. அது அவர்கள் பாடு. நமக்கு ஒரு கொப்பியும் பென்சிலும் போதும். வீட்டிலே இருப்பதைப் பதியலாம். உறவினர் வீட்டில் இருப்பதைப் பார்த்து எழுதலாம். கொழும்புக் கோட்டையில் மத்திய வங்கியின் பொருளாதார வரலாற்று நூதனசாலை இருக்கிறது. அங்கே போய்ப் பார்க்கலாம். விலைக்கு வாங்குவது அதற்கெல்லாம் பிறகுதான். வாங்குவதானாலும், எடை தெரியாமல் வாங்கக் கூடாது. ஷில்லிங் 5.66 கிராம், ஃபுளோரின் 11.31 கிராம் என்று ஒவ்வொன்றுக்கும் எடை உண்டு. தேய்மானத்தால் சற்றுக் குறையலாம். பெரிதும் விலகினால் போலி என்று சந்தேகிக்க வேண்டும். காந்தத்தில் ஒட்டினால் அது வெள்ளியே அல்ல.

நான் பட்ட ஓர் அனுபவத்தையும் சொல்லிவிடுகிறேன். எஞ்சிய நான்கில் ஒன்று 1897ஆம் ஆண்டு ஷில்லிங். கணவரை இழந்த விக்டோரியா அரசி முக்காடிட்டிருக்கும் படம் அதில். கறுத்துப் போயிருக்கிறதே என்று, பத்து வயதில் அதைப் புளியும் சாம்பலும் போட்டு, குத்துவிளக்குத் துலக்குவதுபோலத் தேய்த்தேன். பளபளத்தது. கூடவே முக்காட்டின் மடிப்பும் மறைந்தது. காற்றிலுள்ள கந்தகம் பட்டு வெள்ளி கறுப்பது இயல்பு. அந்தக் கறுப்பு காசுக்கு ஒரு போர்வை. தேய்க்கும்போது கறுப்போடு வெள்ளியும் சேர்ந்து போகிறது. துலக்கிய காசைச் சேகரிப்போர் விரும்புவதில்லை. ஆகவே தேய்க்காதீர்கள். முகத்தில் விரல் படாமல் ஓரத்தைப் பிடித்துத் தூக்குங்கள். ஈரமில்லாத இடத்தில், கடதாசி உறையில், ஒவ்வொன்றாக வையுங்கள். மலிவான மென் பிளாஸ்டிக் உறை வேண்டாம், நாளடைவில் பச்சையாகப் பிசுபிசுக்கும்.

இவ்வளவும் சொன்ன பிறகு என் கருத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பழைய வெள்ளிக் காசை எந்த நாளும் விற்கவே கூடாது என்பதல்ல என் வாதம். பசி வந்தால், நோய் வந்தால், மனிதர்தான் முக்கியம். ஆனால் விற்பதற்கு முன் மூன்று வேலை செய்யுங்கள். ஆண்டை வாசியுங்கள். தனித்தனியாக நிறுத்துப் பாருங்கள். படத்தையும் அதன் கதையையும் எழுதி வையுங்கள். பெற்றோரிடமும் ஒரு வேண்டுகோள்: நகையின் கணக்கைப் பெண்பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பதுபோல, வீட்டிலுள்ள பழைய பொருட்களின் கணக்கையும் சொல்லிக் கொடுங்கள். நாளை நகைக்கடைத் தராசின் முன் நிற்கப் போவது பெரும்பாலும் நாங்கள்தான்.

சென்ற நோன்புப் பெருநாளன்று உம்மும்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து, அந்தக் கொப்பியில் 1899ஆம் ஆண்டுக் காசின் பென்சில் படத்தைக் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். "இது ஒரு கிழவி கொடுத்தது. சந்திரகாந்தக் கல் ஒன்றுக்கு விலை பேசிவிட்டு, கப்பல் ஊதியதும் மிச்சக் காசு வாங்காமலே ஓடிவிட்டாளாம். அந்த மிச்சத்தைக் கொடுக்க வாப்பா அடுத்த முறை அந்தக் கப்பல் வரும்வரை காத்திருந்தார். அவள் வரவேயில்லை. அதனால்தான் இதைச் செலவழிக்காமல் வைத்தார்" என்றார்.

காசு போய்விட்டது. எந்தச் சூளையில் உருகி, யாருடைய கொலுசாக மாறியதோ தெரியாது. அந்த மனிதரின் நாணயம் மட்டும் இப்போது என் கொப்பியில் எழுதப்பட்டிருக்கிறது. இன்று மாலையே உங்கள் உம்மும்மாவிடமோ வாப்பும்மாவிடமோ கேட்டுப் பாருங்கள். அவர்களுடைய அலுமாரியிலும் ஒரு தகர டின் இருக்கக் கூடும்.

— உயர்தர வர்த்தகப் பிரிவு மாணவி